விடியற்காலை ஆறு மணிக்கு அயர்லாந்துக் கச்சேரி: வேலூர் மைக் செட், எல்.இ.டி. வால் பேக்கேஜ் எப்படி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படத்துக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். சத்தத்துக்கு, பக்கத்தில் நின்று நாலு விஷயம் சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தால் மட்டும் கொடுக்கலாம்.

காட்பாடிப் பக்கத்து வாடகைக் கடை ஒன்றின் பேக்கேஜ் இது. கடைப் பெயர் வேண்டாம். காந்தி நகர், சத்துவாச்சாரி, பாகாயம் என்று எங்கே விசாரித்தாலும் ஏறக்குறைய இதே சாமானைத்தான் இதே மாதிரி கட்டித் தருகிறார்கள். 12க்கு 8 அடி எல்.இ.டி. வால் (பேனல்களை அடுக்கிக் கட்டுகிற பெரிய திரை), 15 இஞ்ச் பாக்ஸ் இரண்டு ஜோடி, 18 இஞ்ச் பேஸ் பாக்ஸ் இரண்டு, டிஜிட்டல் மிக்சர், ஜெனரேட்டர், ஒரு ஆபரேட்டர், தூக்கிக் கட்ட இரண்டு பையன்கள். கல்யாண ரிசப்ஷனுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகிற அதே செட். அயர்லாந்துப் பாடகரின் கிறிஸ்துமஸ் கச்சேரியை நேரலையில் போட்டு நூறு, நூற்றைம்பது ரசிகர்கள் சேர்ந்து பார்க்க இது தாங்குமா என்பதுதான் இங்கே கேள்வி.

இதற்கெல்லாம் வேலூரில் யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு: வருவார்கள். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் ரெக்கார்டைத் தேயத் தேயக் கேட்ட பெரியவர்கள் இங்கே சர்ச்சுக்குச் சர்ச் உண்டு. அதே ஜிம் ரீவ்ஸ் 1963இல் அயர்லாந்தில் ஊர் ஊராகப் பாடினார். போன இடத்திலெல்லாம் பியானோ சுதி சேரவில்லை என்று சலித்துக்கொண்டதும் பிரசித்தம். அந்த மெத்தென்ற பாணிதான் அயர்லாந்தின் டானிகாலில் பிறந்த டேனியல் ஓ'டானல் போன்ற பாடகர்களிடம் இன்றும் இருக்கிறது. நர்ஸ் வேலைக்கு டப்ளின், கார்க் என்று போன பிள்ளைகள் உள்ள வீடுகள் வேறு. கூட்டத்துக்குக் குறைவில்லை.

விடியற்காலை ஏன் என்றால், கணக்கு அப்படி. இந்தப் பாடகர்களின் குளிர்காலச் சுற்றுப்பயணத்தில் பல நிகழ்ச்சிகள் அமெரிக்காவில்தான். நியூயார்க் பக்கம் இரவு ஏழரை என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறு. சிகாகோ பக்கம் என்றால் ஏழு. டப்ளினில் இரவு ஏழரைக்குத் தொடங்குவது நமக்கு நடுராத்திரி ஒரு மணி. ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வைத்தால்தான் விலக்கு. ஆகவே டப்ளின் நிகழ்ச்சியை நேரலையில் போட ஆசைப்பட வேண்டாம். அமெரிக்க நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டாலும் ஐந்து மணிக்குப் பார்க்கிற டெஸ்டிங்கைக் கதவு சாத்தித்தான் செய்ய வேண்டும். மார்கழி மாதம் என்பதால் தெருவில் ஏற்கெனவே திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும், நம்முடையது தெரியாது என்பதெல்லாம் போலீஸ் வந்து நிற்கும்போது செல்லாது.

இனி சத்தம். இந்த செட்டில் எல்லாக் கடையிலும் நடக்கிற ஒரு கோளாறு உண்டு. லேப்டாப்பின் இயர்போன் ஓட்டையிலிருந்து வருவது ஸ்டீரியோ. அதை ஒரே ஒரு பெரிய ஸ்டீரியோ பின்னில் முடித்து, மிக்சரின் மைக் சேனல் ஒன்றில் சொருகிவிடுகிறார்கள். அந்த சேனல் பேலன்ஸ்டு வகை; பின்னின் நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்ளும். இடது பக்கத்திலும் வலது பக்கத்திலும் சமமாக இருப்பது எதுவோ அது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். சமமாக இருப்பது எது? நடுவில் நிற்கிற பாடகரின் குரல். எனவே திரையில் ஆள் வாயசைப்பார்; ஹாலில் எதிரொலியும், ஓரத்து ஃபிடிலும், அமெரிக்கக் கைத்தட்டலும் மட்டும் கேட்கும். ஆபரேட்டர் உடனே "நெட் சரியில்லை" என்பார். நெட் சரியாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு 6.3 மி.மீ. மோனோ பின் உள்ள 'Y' வடிவ ஒயரை நாமே வாங்கிக் கொடுத்து, இரண்டு சேனலில் சொருகி, ஒன்றை இடதுக்கும் மற்றதை வலதுக்கும் திருப்பினால் குரல் திரும்பிவிடும். சாதாரண விலைதான். கடைக்காரரின் பெட்டியில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

அடுத்தது, சார்ஜர் மாட்டியதும் வருகிற "ம்ம்ம்" இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிட்டால் அது எர்த் சுற்று, அதாவது இரண்டு சாமானின் எர்த்தும் ஒயர் வழியாக வளையமாகச் சேர்ந்து வருகிற இரைச்சல். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் ஒரே பிளக் போர்டிலிருந்து கரண்ட் எடுத்துப் பார்க்கவும். அதற்கும் அடங்காவிட்டால் நடுவில், சிக்னல் ஒயர் வழியான எர்த் தொடர்பை வெட்டிவிடுகிற டி.ஐ. பாக்ஸ் போட வேண்டும். கடையில் இருக்கும், கேட்டால்தான் கொண்டுவருவார்கள். புளூடூத்தில் விடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். ஒரு விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தாமதம் வரும். உதடும் பாட்டும் ஒட்டாது.

இனி பேஸ். பேஸ் இல்லாவிட்டால் செட் செத்த மாதிரி இருக்கும் என்பது நம் ஊர் ஆபரேட்டர்களின் கட்சி. குத்துப் பாட்டுக்குச் சரி. இங்கே வருவதோ ஒரு குரல், ஹார்ப், டின் விசில், ஃபிடில். நடுநடுவே கையிலேந்திச் சின்னக் குச்சியால் தட்டுகிற போவ்ரான் என்ற ஒரு பக்கத் தோல் மேளம். 18 இஞ்ச் பாக்ஸை முழுதாகத் திறந்தால் அந்த மேளம் சாவு மேளமாகிவிடும், ஹார்ப் மூழ்கிவிடும். அங்கே உட்கார்ந்திருக்கிற சவுண்ட் இன்ஜினியர் எல்லாவற்றையும் சமன் செய்துதான் அனுப்புகிறார். அதன் மேல் நாம் தாளிக்க வேண்டியதில்லை. பேஸ் பாக்ஸைப் பாதிக்கும் கீழே வைத்து, மற்ற எல்லாக் குமிழையும் நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். பாக்ஸில் கீச்சுச் சத்தம் வருகிற ஹார்ன் காதைக் குத்தினால் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு 3 டெசிபல் குறைக்கலாம். எக்கோ, ரிவெர்ப் எதுவும் வேண்டவே வேண்டாம். லேப்டாப்புக்குள் "சவுண்ட் என்ஹான்ஸ்மென்ட்" என்று ஒன்று ஒளிந்திருக்கும், அதையும் அணைக்கவும்.

டெஸ்ட் பண்ணும்போது "ஹலோ மைக் டெஸ்டிங்", பிறகு ஒரு சினிமா பாட்டு என்று முடித்துவிடுவார்கள். இந்தப் பாடகர்கள் பாட்டுக்குப் பாட்டு நிறையப் பேசுவார்கள். ஊர்க் கதை, அம்மா கதை, நகைச்சுவை, எல்லாம் அந்த ஊர் உச்சரிப்பில். உண்மையில் ஹாலுக்குச் சோதனை அந்தப் பேச்சுதான். பாட்டு எதிரொலித்தால் இனிமை என்று நினைத்துக்கொள்வோம்; பேச்சு எதிரொலித்தால் ஒரு வார்த்தை புரியாது. அதே பாடகர் பேசுகிற பழைய வீடியோ ஒன்றைப் போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

டைல்ஸ் தரை, சுண்ணாம்புச் சுவர், கான்கிரீட் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி: நம் சமூகக் கூடங்களில் சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. தரையில் ஜமக்காளம், பின் சுவரில் பந்தல் துணி கட்டினால் கணிசமாக அடங்கும். ஆட்கள் நிறைந்தால் இன்னும் அடங்கும். காலி ஹாலில் வைத்த அளவை வைத்துப் பயப்பட வேண்டாம். நாலு பாக்ஸையும் மேடையில் அடுக்குவது கடைக்காரர் வழக்கம். இரண்டை முன்னால் வைத்து, மற்ற இரண்டை 40 அடி தள்ளிப் பக்கச் சுவரோரம் வைத்தால் சத்தத்தைக் கூட்டாமலே பின்வரிசைக்குத் தெளிவு கிடைக்கும். ஆனால் பின் ஜோடிக்கு டிலே கொடுக்க வேண்டும், அதாவது சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்து விட வேண்டும். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக 3 மில்லி விநாடி. 40 அடிக்கு 36. அதோடு ஒரு பத்தைக் கூட்டி 46 வைத்தால் குரல் பின்னாலிருந்து வராமல் திரையிலிருந்தே வருவது போல் இருக்கும். இந்த மிக்சரில் அந்த வசதி இருக்கிறது. ஆபரேட்டருக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. காட்டியதும் சட்டென்று பிடித்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும்.

படத்தில் குறை குறைவு. புரொஜெக்டர் மலிவு என்று அதற்குப் போகாதீர்கள். டிசம்பர் கடைசியில் இங்கே ஆறரை மணிவாக்கில் சூரியன் எழும். கிழக்குப் பக்கம் ஜன்னல் உள்ள ஹாலில் ஐந்தாவது பாட்டுக்குத் திரை வெளுத்துவிடும். எல்.இ.டி. வாலுக்கு அந்தக் கவலை இல்லை. பி4 பேனல் (புள்ளிக்குப் புள்ளி 4 மி.மீ. இடைவெளி) என்றால் முதல் வரிசையை 4 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். கிட்டே போனால் முகம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். கடையிலிருந்து வரும்போது பிரைட்னஸ் முழுதாக இருக்கும், அது திறந்தவெளி மேடைக்கு வைத்தது. இருட்டு ஹாலில் 30 சதவீதம் போதும், இல்லாவிட்டால் பெரியவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்டர்நெட் இந்த பேக்கேஜில் சேராது. இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஃபுல் எச்.டி. நேரலைக்கு 6 எம்.பி.பி.எஸ். என்று வைத்தால் இரண்டரை மணி நேரத்துக்கு ஏழு ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். தினம் 2 ஜி.பி. பிளான் உள்ள போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்து, வேகம் நத்தையாகிவிடும். நல்ல பாட்டு வருகிற நேரமாகப் பார்த்துத்தான் தீரும். வரம்பில்லாத பிளான், வைஃபை இல்லாமல் யு.எஸ்.பி. ஒயரில் டெதரிங், வேறு கம்பெனி சிம்மோடு இன்னொரு போன் தயாராக. பக்கத்துக் கட்டடத்தில் ஃபைபர் இருந்தால் அங்கிருந்து லேன் ஒயர் இழுப்பது எல்லாவற்றிலும் மேல்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கச் சில விநாடிதான். ஆனால் அந்த இடைவெளியில் டிஜிட்டல் மிக்சரும், ரவுட்டரும், வால் பிராசஸரும் அணைந்து, திரும்ப எழ ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பிடிக்கும். இந்த மூன்றுக்கும் ஒரு சின்ன யு.பி.எஸ். கட்டாயம். ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்டாதீர்கள், தாங்காது.

நேரலை டிக்கெட் விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. டாலரிலோ யூரோவிலோ கட்ட வேண்டியிருக்கும். 2020 அக்டோபருக்குப் பிறகு வந்த கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே இருக்கும். பேங்க் ஆப்பில் போய் நாம்தான் திறக்க வேண்டும். நாணய மாற்றுக் கட்டணம் என்று பல பேங்குகள் 3.5 சதவீதம் வரை எடுத்து, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடும். இரண்டாவது, தனி ஆள் டிக்கெட் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். ஹாலில் போடுவதென்றால் நிகழ்ச்சி நடத்துபவருக்கு முன்கூட்டியே மெயில் எழுதி, குழுவாகப் பார்க்க அனுமதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் இருபது நிமிட இடைவேளை வரும். டீ, பிளம் கேக், ஆற்காடு மக்கன் பேடா என்று தட்டில் வைத்துத் தயாராக நிறுத்தினால்தான் அதற்குள் முடியும். இட்லி, வடகறியை நிகழ்ச்சி முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். இடைவேளை ஸ்லைடு ஓடும்போது லேப்டாப் தூங்கிவிடாமல் ஸ்லீப்பை அணைத்து வைப்பதும், அப்டேட்டை நிறுத்தி வைப்பதும் நம் வேலை. ஆபரேட்டர் அதைத் தொடமாட்டார்.

புக் பண்ணும்போது 24, 25, 31 தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு எல்லா செட்டும் சர்ச்சுகளுக்குப் போய்விடும். கிடைப்பது மிச்சம் மீதி பாக்ஸ்தான். டிசம்பர் 20ஐ ஒட்டி நல்ல சாமானும் அனுபவமுள்ள ஆபரேட்டரும் கிடைப்பார்கள். வண்டி வாடகை, ஆட்கள் பேட்டா, டீசல் மூன்றும் பேசிய தொகைக்குள்ளேயா வெளியேயா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எழுதி வாங்குங்கள். விடியற்காலை வேலை என்றால் முதல் நாள் ராத்திரியே வந்து கட்டிவிட வேண்டும் என்பதையும், ஆபரேட்டர் ஹாலிலேயே படுத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். நாலு மணிக்கு போன் அடித்து எழுப்புகிற ஏற்பாடு எந்தக் கடையிலும் பலித்ததில்லை.