பழைய லேப்டாப்புக்கு 16 ஜிபி ரேம் போடச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் யாராவது பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம்) போடக் கிளம்பினால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் தங்கைக்கு நடந்தது.

அவள் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே மூன்று கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறாள். லேப்டாப் 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் வேலைக்குத் தயாராக ஆறேழு நிமிடம் ஆகும். டேலி, எக்செல், குரோம் மூன்றும் திறந்திருந்தால் மவுஸ்கூட நகராது. சரி, ரேம் கூட்டலாம் என்று புதுச்சேரியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம்.

என்ன வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. "இப்பல்லாம் 8 பத்தாது சார், 16 போட்டாத்தான் தாங்கும்" என்று கடைக்காரர் உள்ளே எடுத்துப்போனார். அரை மணி நேரத்தில் இரண்டு 8 ஜிபி போட்டு வந்தது. 5,400 ரூபாய். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டில் 'ரேம் 16' என்று கிறுக்கிக் கொடுத்தார். பழைய 4 ஜிபி நினைவுக்கு வந்தபோது பஸ் அரியாங்குப்பம் தாண்டிவிட்டது. போன் செய்தால், "அது வீணாப்போனது சார், தூக்கிப் போட்டாச்சு" என்றார். அன்று காலைவரை ஓடிக்கொண்டிருந்த ரேம் அது.

வீட்டில் 16 என்றுதான் காட்டியது. ஆனால் ஆன் ஆக அதே ஆறேழு நிமிடம். நான்காம் நாளிலிருந்து வேலைக்கு நடுவே நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆனது. அன்று 18-ஆம் தேதி. 20-க்குள் மூன்று கடைக்கும் ஜிஎஸ்டி 3பி (மாதாந்தர வரிக் கணக்குப் படிவம்) போட்டாக வேண்டும். ராத்திரி அவள் அழுததைப் பார்த்த பிறகுதான் நானே உட்கார்ந்து ஆராய்ந்தேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் பார்த்தேன். அவளுடைய எல்லா வேலையையும் திறந்து வைத்தும் மெமரி, அதாவது ரேம் பயன்பாடு, 5.2 ஜிபியைத் தாண்டவில்லை. மீதிப் பத்து ஜிபி சும்மா கிடந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. 4 ஜிபி இருந்தபோது ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கை இரவல் வாங்கியிருக்கும். அதனால் 8 தேவைதான். ஆனால் ரேம் தாராளமாக இருந்தும் டிஸ்க் திணறினால், ஹார்ட் டிஸ்க்கே மெதுவென்று அர்த்தம். அதை மாற்றாமல் எத்தனை ஜிபி போட்டாலும் ஆன் ஆகும் நேரம் குறையாது.

நீலத்திரைக்குக் காரணம் வேறு. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டினேன், பழுது என்றது. மூடியைக் கழற்றினால், லேபிளில் 'பிசி3' என்று இருந்தது. நான்காம் தலைமுறை லேப்டாப்புக்கு வேண்டியது 'பிசி3எல்'. அந்த எல் இருந்தால் 1.35 வோல்ட், இல்லாவிட்டால் 1.5 வோல்ட். வோல்ட் பொருந்தாத ரேம் போட்டால் சில மெஷின் ஆன் ஆகவே ஆகாது, சில இப்படி ஓடி ஓடி நிற்கும். ரேம் விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

மறுநாள் திரும்பப் போனோம். "கம்ப்யூட்டர் அயிட்டம் ரிட்டர்ன் கிடையாது, வேணும்னா இன்னும் 1,500 கொடுங்க, வேற போட்டுத் தர்றேன்" என்றார். வந்துவிட்டோம்.

திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த தம்பி ஒருவர் இரண்டு 4 ஜிபி பிசி3எல் ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டுக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 4,300. இப்போது அரை நிமிடத்துக்குள் தயார். 3பி மூன்றும் 20-ஆம் தேதி மாலையில் போய்ச் சேர்ந்தன.

எவ்வளவு ரேம் வேண்டும் என்பதைக் கடையில் முடிவு செய்யாதீர்கள். அதிக வேலை இருக்கும் நாளில் எல்லாவற்றையும் திறந்து வைத்து, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டு, 'கமிட்டட்' என்ற இடத்தில் முதல் எண்ணைப் பாருங்கள். 6, 7 என்று இருந்தால் 8 ஜிபி போதும். வீடியோ எடிட்டிங் போல 10, 12-ஐத் தாண்டினால்தான் 16. 'ஸ்லாட்ஸ்' என்ற வரியில் எத்தனை இடம் காலி என்றும் தெரியும். சில மாடல்களில் ஒரு ரேம் போர்டோடு ஒட்டியிருக்கும், அதைக் கழற்ற முடியாது. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனே இல்லை. உள்ளே இருக்கும் ரேமின் லேபிளைப் போட்டோ எடுத்து வைத்து, கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். கழற்றியது உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள்.

பணத்தை ஜிபேயில் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. அந்த ரசீதையும் எஸ்டிமேட் சீட்டையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த இரண்டு 8 ஜிபியும் கவரில் போட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.