மலையா, கடலா, ஆற்றோரமா: இலையுதிர்காலத்தின் கடைசியில் ஒரு தேனிலவுக் கார் பயணம்

கல்யாணம் இலையுதிர்காலத்தின் கடைசியில் வந்துவிட்டது. விமானம் ஏறித் தூர தேசம் போக விடுமுறையும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. காரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் எங்காவது நாலைந்து நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று இருவரும் பேசி முடிக்கிறீர்கள். நல்ல முடிவுதான். பிரச்சினை அதற்கு அப்புறம் ஆரம்பிக்கும். ஒருவர் மலை என்பார், மற்றவர் கடல் என்பார். இரண்டு பேரும் யோசிக்காத மூன்றாவது ஒன்று இருக்கிறது: ஆற்றை ஒட்டி ஓடும் பள்ளத்தாக்குச் சாலை. என் ஓட்டு அதற்குத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைப் பார்ப்போம். மற்ற இரண்டும் சிலருக்கு நிச்சயம் பொருந்தும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் போட வேண்டிய கணக்கு பகல் வெளிச்சம். 40 டிகிரி வட அட்சரேகையில் நவம்பர் நடுவில் பகல் சுமார் 10 மணி நேரம்தான். லண்டன் இருக்கும் அட்சரேகைக்குப் போனால் 9 மணி நேரம்கூடத் தேறாது. மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். தேனிலவுக்குப் போனவர்கள் காலை ஏழு மணிக்கு வண்டியைக் கிளப்பப் போவதில்லை. பத்தரைக்குப் புறப்பட்டு, நடுவில் சாப்பிட ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தால், பார்த்துக்கொண்டே ஓட்டக் கிடைப்பது நாலரை மணி நேரம். கூகுள் மேப் காட்டும் நேரம் நிற்காமல் ஓட்டுபவர்களுக்கானது. நீங்கள் நிற்பீர்கள், நிற்க வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு மேப்பில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காட்டும் திட்டத்தை அப்போதே அழித்துவிடுங்கள். தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு இதே கணக்கு மே மாதத்தில் வரும்.

இதற்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. சூரியன் நாள் முழுக்கத் தாழ்வாகவே இருப்பதால் வெயில் பக்கவாட்டில் விழும். கோடையில் விடியலிலும் அந்தியிலும் மட்டும் கிடைக்கும் அந்த மஞ்சள் வெளிச்சம் இப்போது மதியம் ஒரு மணிக்கே ஏறக்குறைய கிடைத்துவிடும். போட்டோ எடுப்பவர்களுக்கு யோகம். ஓட்டுபவருக்கு மட்டும் கண் கூசும். கறுப்புக் கண்ணாடியை மறக்க வேண்டாம்.

இனி மலை. இலை நிறம் மாறுவது உச்சியில் தொடங்கி அடிவாரத்துக்கு இறங்கி வரும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிர் கூடுவதுதான் காரணம். அமெரிக்காவின் புளூ ரிட்ஜ் பார்க்வேயில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 469 மைல் நீளமுள்ள அந்தச் சாலையின் தாழ்ந்த இடம் சுமார் 200 மீட்டர், உயர்ந்த இடம் 1,845 மீட்டர். அக்டோபர் தொடக்கத்தில் உச்சியில் பற்றும் நிறம் நவம்பர் தொடக்கத்தில்தான் கீழே வந்து சேரும். நீங்கள் போவது கடைசி வாரங்களில் என்றால் உச்சி மொட்டையாக நிற்கும். படத்தில் பார்த்த செந்நிற மலையைத் தேடி மேலே ஏறுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆனால் மொட்டை மலைக்கும் ஓர் அழகு உண்டு. கோடையில் இலை மறைத்த பள்ளத்தாக்கும், அருவியும், எதிர்மலையின் மடிப்புகளும் இப்போது கிளைகளின் ஊடே தெரியும். கூட்டமும் கலைந்திருக்கும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் பக்கம் இருந்தால் லார்ச் மரத்தைத் தேடுங்கள். ஊசியிலை மரம், ஆனால் ஊசிகளை உதிர்க்கும் சாதி. உதிர்க்கும் முன் பொன் நிறமாகிவிடும், அதுவும் மற்ற மரங்கள் ஓய்ந்த பிறகு.

மலையின் உண்மையான தலைவலி சாலை திறந்திருக்குமா என்பதுதான். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் உயர்மலைச் சாலை, 48 கிலோமீட்டரும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டது, 1935 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் மூடினால் அடுத்த மே மாத வாக்கில்தான் திறக்கும். 2,757 மீட்டர் உயரத்தில் உள்ள இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயும் குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். புளூ ரிட்ஜிலும் பனி உறைந்தால் பகுதி பகுதியாகத் தடுப்பு போடுவார்கள். போதாததற்கு 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்தச் சாலையை நிறைய இடங்களில் அரித்துவிட்டது. எந்த மலையானாலும், புறப்படும் நாள் காலையில் சாலைத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

கடற்கரைச் சாலையைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அதனால் உள்நாட்டில் உறைபனி விழத் தொடங்கிய பிறகும் கரையோரம் ஓரளவு இதமாக இருக்கும். சாலையில் ஐஸ் பயம் குறைவு. மேற்கு நோக்கிய கரையானால் சூரிய அஸ்தமனம் மாலைத் தேநீர் நேரத்திலேயே முடிந்துவிடும், பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இலை நிறத்துக்கும் கடலுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. புயல் மழை பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் விடாது. கலிபோர்னியாவின் பிக் சர் வழியே போகும் ஹைவே 1 போன்ற செங்குத்துக் கரைகளில் மழையோடு நிலச்சரிவும் வரும். 2017-இல் மட் கிரீக் என்ற இடத்தில் சரிந்த மலை அந்தச் சாலையை ஒரு வருடத்துக்கும் மேல் மூடி வைத்தது. அலையைப் பார்த்துக்கொண்டு அறைக்குள்ளேயே கிடக்கவும் சம்மதம் என்பவர்களுக்குக் கடல் சரி. வெளியே நடந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு வேண்டாம்.

இப்போது என் கட்சி. பள்ளத்தாக்கில் நிறம் கடைசியில் வருகிறது, நீங்கள் போகும் நேரத்துக்குச் சரியாக வருகிறது. மஞ்சள் நிறமி இலையில் கோடையிலேயே இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் கிடைத்தால் மேப்பிள் போன்ற மரங்கள் அதைப் புதிதாகவே உண்டாக்கும். மேப்பிள் உதிர்ந்த பிறகும் ஓக் செம்பழுப்பாக நிற்கும். இளம் பீச் மரங்கள் காய்ந்த இலையைக் குளிர்காலம் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரை மாதிரி திராட்சைத் தோட்டப் பள்ளத்தாக்கு பக்கத்தில் இருந்தால் இன்னும் விசேஷம். அறுவடைக்குப் பின் சரிவு முழுவதும் வரி வரியாக மஞ்சளாகிவிடும்.

ஓட்டவும் இதுதான் சுலபம். சாலை ஆற்றோடு வளைந்து போகும், செங்குத்து ஏற்றம் குறைவு, சற்றுத் தூரத்துக்கு ஒரு ஊர் வரும். அலுத்தால் திரும்பிவிடலாம். பாலம் கிடைத்தால் அக்கரை வழியாகத் திரும்பலாம். அதே பள்ளத்தாக்கு வேறு முகம் காட்டும். குட்டைப் பகலுக்கு இதைவிடப் பொருத்தமான சாலை எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் இருக்கின்றன, மறைக்கவில்லை. முதலாவது மூடுபனி. தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும், ஆற்றின் ஈரம் அதில் கலக்கும், காலையில் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. பொதுவாகப் பதினோரு மணி வாக்கில் விலகும். சில நாள் விலகவே விலகாது. அப்படிப்பட்ட நாளில் சரிவில் கொஞ்சம் மேலே ஏறிப் பாருங்கள். ஒரு வளைவில் எல்லாம் சாம்பல், வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வளைவில் திடீரென்று நீல வானம், கீழே பஞ்சுத் தரை, அதிலிருந்து ஒரு தேவாலயக் கோபுரத்தின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது, சீசன் முடிந்து கடை சாத்துவது. படகுகள் நிற்கும், சிறிய விடுதிகள் பூட்டிக்கொள்ளும். மோசெல் பக்கத்தில் எல்லோரும் படம் எடுக்கும் எல்ட்ஸ் கோட்டைகூட நவம்பர் தொடக்கத்தோடு மூடி ஏப்ரலில்தான் திறக்கும். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

தினம் ஓர் ஊரில் தங்குவதா, ஒரே இடத்தில் தங்கிச் சுற்றுவதா? கோடையில் முதலாவது. இந்தப் பருவத்தில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது. தினமும் பெட்டி கட்டி, பத்து மணிக்கு அறையைக் காலி செய்து, இருட்டில் புது ஊரில் வழி தேடுவது கல்யாணக் களைப்பில் இருக்கும் இருவருக்கும் தேவையில்லாத வேலை. மழை நாளில் வெளியே போகாமலே இருந்துவிடும் சுதந்திரமும் ஒரே இடத்தில் தங்கினால்தான் கிடைக்கும். இருட்டில் ஓட்டாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் மான்கள். இணை தேடும் பருவம் என்பதால் அந்தியில் சாலையைக் குறுக்கே கடக்கும். ஒரு மான் போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

சொந்தக் காரா, வாடகைக் காரா என்பதை டயர் தீர்மானிக்கட்டும். 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகி, பிடிமானம் குறையத் தொடங்கும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தமும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். உங்கள் காரில் குளிர்கால டயர் மாட்டியிருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் வாடகைக்கு எடுக்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். மின்சாரக் கார் என்றால் குளிரில் தூரம் குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நிழல் விழும் வளைவுகளையும் பாலங்களையும் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். பாலத்துக்கு அடியிலும் குளிர்ந்த காற்று ஓடுவதால் மற்ற சாலையைவிட முதலில் அதுதான் உறையும். நனைந்து நசுங்கிய இலைப் படுகையும் ஐஸுக்குக் குறைந்ததல்ல.

பக்கத்திலேயே போவதில் இருக்கும் பெரிய லாபத்தைப் பலர் பயன்படுத்துவதில்லை. தூரப் பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே தேதி குறிக்க வேண்டும். இரண்டு மணி நேரத் தொலைவுக்கு அது தேவையில்லை. கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையை எடுத்துக்கொண்டு, மூன்று நாள் முன்னதாக வானிலை பார்த்து ஒரு நாள் முன்னே பின்னே தள்ளலாம். கூடவே ஒரு நஷ்டமும் உண்டு: "பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள்" என்று சொந்தக்காரர்கள் போன் செய்யும் தூரம் அது. வழியில் யார் வீடும் இல்லாத திசையாகப் பாருங்கள்.

பள்ளத்தாக்கு என்று முடிவானால் அறை பதிவு செய்யும் முன் விடுதிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் பக்கம் வெயில் எத்தனை மணி வரை இருக்கும்? கிழக்கு மேற்காக ஓடும் குறுகலான பள்ளத்தாக்கில் ஒரு கரைக்கு மதியம் இரண்டு மணிக்கே மலை நிழல் விழுந்துவிடும், எதிர்க்கரைக்கு அதற்கப்புறமும் வெயில் மிச்சமிருக்கும். வட அரைக்கோளத்தில் ஆற்றின் வடகரையில், தெற்கு பார்த்த சரிவில் அறை எடுங்கள். திராட்சை போட்டவர்களும் பெரும்பாலும் அந்தச் சரிவைத்தான் பிடித்து வைத்திருப்பார்கள். தென் அரைக்கோளத்தில் இதை அப்படியே திருப்பிப் போடுங்கள்.