பழைய கணினியில் மைன்கிராஃப்ட் சர்வர்: ஓராண்டுக்கு மேல் ஓட்டிய அனுபவம்

அக்கா பிள்ளைகள் இருவர், அவர்களுடைய தோழர்கள் சிலர், நான். இத்தனை பேருக்காக மாதாமாதம் வாடகை கொடுத்துச் சர்வர் எடுப்பானேன் என்று, சும்மா கிடந்த பழைய ஐ5 கணினியிலேயே மைன்கிராஃப்ட் என்ற கட்டை உலக விளையாட்டின் ஜாவா பதிப்புக்கான சர்வரை (எல்லோரும் சேர்ந்து ஆடும் உலகை நடத்தும் நிரலை) நிறுவினேன். 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. இன்றும் அதே பெட்டிதான் ஓடுகிறது.

நிறுவுவது அரைமணி நேர வேலை. சர்வரின் பதிப்புக்கு ஏற்ற ஜாவா, சர்வர் கோப்பு, உரிம ஒப்பந்தக் கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்றிருப்பதை ‘ட்ரூ’ ஆக்குவது, அவ்வளவுதான். விளையாட்டை உருவாக்கிய மோஜாங் தரும் கோப்புக்குப் பதிலாக, வேகத்துக்காகத் திருத்தப்பட்ட ‘பேப்பர்’ என்ற சர்வரைப் போட்டேன். வலுக் குறைந்த கணினிக்கு அதுவே ஏற்றது.

வீட்டுக்குள் எல்லோரும் உடனே நுழைந்துவிட்டார்கள். வெளியூரில் இருப்பவர்களால்தான் முடியவில்லை. ரவுட்டரில் 25565 என்ற போர்ட்டை (வெளியிலிருந்து சர்வருக்கு வரும் வாசலை) திறந்தால் போதும் என்று காணொலிகளில் சொல்வார்கள். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் அது பலிக்காது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்களுக்கென்று இணையத்தில் தனி முகவரி (பொது ஐபி) கிடையாது. பல வீடுகள் ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் வழியிலேயே நின்றுவிடும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டதற்கு மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். (எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.) கடைசியில், வெவ்வேறு இடங்களில் உள்ள கணினிகளை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற செயலி கைகொடுத்தது. ஆடுகிற ஒவ்வொருவரும் அதைத் தம் கணினியில் நிறுவ வேண்டும் என்பது தொல்லைதான். ஆனால் போர்ட் எதையும் ஊருக்குத் திறந்துவைக்க வேண்டியதில்லை.

அடுத்தது திணறல். சர்வர் விநாடிக்கு 20 முறை உலகைக் கணக்கிடுகிறது. ஒரு சுற்றுக்கு 50 மில்லி விநாடிதான் அவகாசம். அந்த வேலையில் பெரும்பகுதி ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் நான்கு கோர் இருந்தும் பெரிய பயனில்லை. ரேமை அள்ளிக் கொடுத்தாலும் தீராது. 4 ஜிபி எங்களுக்குப் போதும். பலன் தந்தது வியூ டிஸ்டன்ஸை (ஆடுபவரைச் சுற்றி எவ்வளவு தூரம் நிலம் தெரியும் என்ற அளவை) குறைத்ததுதான். இயல்பாக இருக்கும் 10 என்றால் ஒருவரைச் சுற்றி 441 சங்க்குகள் (நிலத்துண்டுகள்); 6 என்றால் 169. யாராவது எலிட்ரா என்ற இறக்கையில் பறந்து புதிய நிலத்துக்குப் போனால் மற்ற அனைவரும் உறைந்து நிற்பார்கள். ‘சங்க்கி’ என்ற செருகுநிரலால் நிலத்தை முன்கூட்டியே ஓர் இரவு முழுக்க உருவாக்கி வைத்த பிறகு அந்தப் புகார் நின்றது.

பேக்கப் இல்லாமல் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். எங்கள் சின்னவன் ஒருநாள் அண்ணனுடைய மரவீட்டின் மேல் லாவாவைக் கொட்டிவிட்டான். நல்லவேளை, உலகம் முழுவதையும் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கவில்லை. மைன்கிராஃப்ட் தன் நிலத்தை 512க்கு 512 கட்டம் கொண்ட பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளில் வைக்கிறது. சர்வரை நிறுத்தி, மரவீடு இருந்த பகுதியின் கோப்பை மட்டும் முந்தைய இரவின் பிரதியிலிருந்து எடுத்துப் போட்டதும் வீடு எழுந்துவிட்டது. அண்ணன் தம்பி சண்டைதான் இன்னும் ஓயவில்லை.

மின்சாரத்தை யாரும் முதலில் யோசிப்பதில்லை. இது போன்ற கணினி 50 வாட் இழுத்தால் நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். கோடையில் ஏசியும் சேரும்போது இது உறுத்துகிறது. எனவே மாலை 5 முதல் இரவு 10 வரைதான் ஓட்டுகிறேன். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) நேரம் குறித்தால் கணினி தானே எழுந்துகொள்ளும். மின்தடையின்போது இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் கணினி அணைந்துபோனால், இன்வெர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் பயன்முறைக்கான சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரையும் அதே இணைப்பில் செருகுங்கள். இல்லையென்றால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், ஆட ஆளிருக்காது.