பெட்டியில் 72 லிட்டர், டயருக்குள் எவ்வளவு? ஒரு 12 வோல்ட் காற்று பம்ப்

டர்பன் ஸ்பேர்பார்ட்ஸ் கடைகளில் ஆயிரத்துச் சொச்சம் ராண்டுக்குக் கிடைக்கும் ஒற்றை சிலிண்டர் பம்ப் இது. மேலே ஒட்டியிருக்கும் பெயர் கடைக்குக் கடை மாறும், உள்ளே இருக்கிற சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வேலைக்குப் போய்வருகிற காருக்கு இது வேண்டியதில்லை. பெட்ரோல் பங்கில் சும்மாவே காற்றடித்துத் தருகிறார்கள். கோசி பே மணல் தடத்துக்கும் சானி மலைக்கணவாய்க்கும் பக்கியில் (பிக்கப் வண்டியில்) போகிறவர்களுக்குத்தான் இந்தச் செலவு தகும்.

மணலில் இறங்கும்போது டயரின் காற்றழுத்தத்தை 2.2 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தின் அளவு) 1.2-க்கு இறக்குகிறோம். டயர் தளர்ந்து அதன் தடம் நீளமாகிறது, வண்டியின் பாரம் பரவி மணலில் புதையாமல் மிதக்கிறது. தார்ச்சாலை ஏறியதும் திரும்ப அடித்தாக வேண்டும். இறங்கிய காற்றோடு வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

பெட்டியில் 'நிமிடத்துக்கு 72 லிட்டர்' என்று போட்டிருக்கிறது. பக்கி டயருக்குள் சுமார் 60 லிட்டர் இடம் என்று வையுங்கள். ஒரு பார் ஏற்ற ஏறத்தாழ 60 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அப்படியானால் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஆனால் இரண்டு, இரண்டரை நிமிடம் ஆகிறது. அந்த 72, எதிர்ப்பே இல்லாமல் வெட்டவெளியில் ஊதும்போது வரும் கணக்கு. டயரில் அழுத்தம் ஏற ஏற, பிஸ்டன் தலைக்கு மேலே மிஞ்சும் கொஞ்சம் காற்றும் இறுகிப்போய், பிஸ்டன் கீழே வரும்போது விரிந்து புதுக்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மோட்டாரும் திணறி வேகம் குறைகிறது. பொய் என்று சொல்ல முடியாது, நேர்மை என்றும் சொல்ல முடியாது.

சானி உச்சி 2,876 மீட்டர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 0.71 பார்தான். பம்ப் ஒவ்வொரு இழுப்புக்கும் முப்பது சதவீதம் போலக் குறைவாகத்தான் விழுங்கும். டயர் கணக்கில் 2.2 என்பது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம். கடற்கரையில் வெளிக்காற்றே சுமார் ஒரு பார், அங்கே 2.2 அடிக்க, காற்றை மூன்று மடங்குக்குச் சற்று மேல் அமுக்கினால் போதும், உச்சியில் நான்கு மடங்கைத் தாண்டும். அமுக்க அமுக்கச் சூடு. இரண்டு டயர் முடிந்ததும் சிலிண்டர் மேல் தண்ணீரைச் சொட்டினால் சுர்ரென்கிறது. அங்கேயே பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஹோஸ் முனையிலிருக்கும் பித்தளை நட்டும் விரலைச் சுடும், கழற்றத் துணி வேண்டும். நட்டைத் திருகிக் கழற்றும்போது ஸ்ஸ்ஸென்று கொஞ்சம் காற்று போகும், அதனால் 0.1 பார் கூட வைத்தே நிறுத்துவது நல்லது.

பம்பிலுள்ள கேஜை (அழுத்தமானியை) நம்ப வேண்டாம். பம்ப் ஓடும்போது 0.2, 0.3 பார் கூடக் காட்டுகிறது, ஏனென்றால் அது பார்ப்பது ஹோஸில் முட்டும் அழுத்தத்தை. நிறுத்திவிட்டுப் படியுங்கள், தனி கேஜ் ஒன்று வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வயரோடு வருகிற மாடலைத் தொடவே வேண்டாம். மோட்டார் இழுக்கும் மின்சாரத்துக்கு அந்த ஃப்யூஸ் தாங்காது. பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். எஞ்சினை ஓடவிட்டே அடியுங்கள்.

மணலில் பம்பைத் தரையில் வைக்காதீர்கள். உறிஞ்சும் மூடிக்குள் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு மட்டும்தான் காவல். மணல் துகள் உள்ளே போய் வால்வின் மெல்லிய எஃகு இலைக்கு அடியில் மாட்டினால் மோட்டார் ஓடும், காற்று ஏறாது. தலையிலுள்ள திருகுகளைக் கழற்றி, இலையைத் துடைத்து, இருந்தபடியே வைத்தால் சரியாகிவிடும். எண்ணெய் விடாதீர்கள். இந்த வகைப் பிஸ்டனில் டெஃப்லான் வளையம், எண்ணெய் பட்டால் தூசி களிம்பாகிவிடும்.

ரப்பர் படகுக்கும் இதையே பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். படகுக்கு வேண்டியது 0.2 பார்தான், ஆனால் நானூறு ஐநூறு லிட்டர் காற்று, இதில் அடித்தால் நேரம் பிடிக்கும். மிதிக்கும் துருத்திப் பம்ப்தான் சரி. படகை வெயிலில் இறுக்கமாக அடித்துவிட்டு உடனே ஏறிவிடவும் கூடாது. 50 டிகிரியில் 0.2 காட்டிய குழாய், 20 டிகிரி நீரில் 0.09-க்கு இறங்கித் தொளதொளத்துவிடும். நீரில் இறக்கிய பிறகு கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பம்ப் கையில் இருப்பதாலேயே செய்யும் தவறு ஒன்று உண்டு. டர்பனில் 2.2 வைத்து, உயரத்திலிருக்கும் ஜோகன்னஸ்பர்க் போனால், அதே வெப்பத்தில் கேஜ் 2.38 காட்டும். வெளிக்காற்று மெலிந்துவிட்டது, டயரில் ஒன்றும் கூடவில்லை. உடனே இறக்கிவிட்டால் திரும்பி வரும்போது டர்பனில் 2.02 தான் இருக்கும். டர்பனில் 22 டிகிரியில் அடித்ததை ஜோகன்னஸ்பர்க் குளிர்கால விடியலில், 5 டிகிரியில் பார்த்தால், குளிர் அந்தக் கூடுதலைத் தின்றுவிட்டு மறுபடி 2.2 பக்கமே காட்டும். டயர் ஆறிய பிறகு, காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும்.