வாத்து வேட்டைக்கு எந்த ஷாட்கன்: வாயு முறையா, நிலைம முறையா?

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்கென அரைத் தானியங்கி ஷாட்கன் (ஒரு தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளைச் சிதறவிட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) தேடுபவர் முன் பெரும்பாலும் கடைசியில் எஞ்சி நிற்பவை இரண்டு: பெனெல்லியின் சூப்பர் பிளாக் ஈகிள் 3, பெரெட்டாவின் ஏ400 எக்ஸ்ட்ரீம் பிளஸ். இரண்டும் இத்தாலியப் பெயர்கள்; இரண்டும் 12 கேஜில் (கேஜ் என்பது குழலின் உள்விட்ட அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும்) 3.5 அங்குலத் தோட்டா வரை ஏற்பவை. விலையும் இரண்டாயிரம் டாலரை ஒட்டியே இருக்கிறது. பெனெல்லி இன்று பெரெட்டா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் என்பதால், எதை வாங்கினாலும் பணம் ஒரே வீட்டுக்குத்தான் போகிறது. ஆனால் ஒரு தோட்டா வெடித்தபின் அடுத்ததை ஏற்றும் விதத்தில் இவை முற்றிலும் வேறுபட்டவை. எடை, உதைப்பு, பராமரிப்பு ஆகிய மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே பிறக்கின்றன.

ஏ400 வாயு முறையில் இயங்குகிறது. வெடித்த மருந்தின் வாயுவில் ஒரு பகுதி குழலின் அடியிலுள்ள துளைகள் வழியே இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ள, அது போல்ட்டை (குழலின் பின்வாயை மூடிப் பூட்டும் உலோகப் பகுதியை) பின்னுக்கு நகர்த்திக் காலிக் கூட்டை வெளியே எறிகிறது. பெனெல்லியில் இந்தத் துளைகளும் பிஸ்டனும் இல்லை. துப்பாக்கி உதைத்துப் பின்னால் வரும்போது போல்ட்டின் கனமான உடற்பகுதி மட்டும் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. அதற்கும் போல்ட் தலைக்கும் இடையிலுள்ள வலுவான சுருள்வில் நசுங்கி, மறுகணம் விரிந்து, தலையைச் சுழற்றிப் பூட்டைத் திறந்து போல்ட்டைப் பின்னுக்கு வீசுகிறது.

நாள் முழுதும் சதுப்பு நிலத்தில் நிற்பவருக்கு இரண்டாவது முறையின் லாபம் உடனே தெரியும். புகையும் கரியும் குழலின் முன்வாய் வழியாகவே வெளியேறிவிடுவதால் உட்புறம் நெடுநாள் சுத்தமாக இருக்கும். எடையும் ஏறத்தாழ 3.2 கிலோதான், ஏ400 சுமார் 3.5 கிலோ. வாயுத் துப்பாக்கியில் சில நூறு தோட்டாக்களுக்குப் பிறகு முன்கைக் கட்டையைக் கழற்றிப் பார்த்தால், தோட்டாக் குழாயின் மேல் பிஸ்டன் ஓடும் இடத்தில் கரி கெட்டியாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டித் துடைக்கச் சோம்பல்படுபவர், உறைபனிக் காலையில் எண்ணெயும் கரியும் சேர்ந்து பசையாகிப் போல்ட்டின் வேகத்தைக் குறைக்கும்போது அதற்கான விலையைக் கொடுப்பார்.

நிலைம முறைக்கும் தனக்கேயுரிய பலவீனங்கள் உண்டு. துப்பாக்கி தாராளமாகப் பின்னகர்ந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே 28 கிராமோ அதற்குக் குறைவாகவோ குண்டுகள் அடைத்த மென்தோட்டாக்களைப் புதுத் துப்பாக்கி சில சமயம் முழுமையாக வெளியேற்றாது. செப்டம்பரில் டெக்சஸில் புறா சுட்டுவிட்டு நவம்பரில் வாத்துக்குப் போகிறவருக்கு இது சிறிய குறையன்று. இன்னொன்று, வேட்டைக்காரர்கள் ‘பெனெல்லி கிளிக்’ என்று பெயர் வைத்தே பேசும் கோளாறு. இருட்டில் ஓசை எழக்கூடாதென்று போல்ட்டைக் கையால் மெல்ல மூடினாலோ, மூடிய துப்பாக்கியின் அடிக்கட்டை படகில் இடித்தாலோ, போல்ட் தலை முழுதாகச் சுழலாமல் மயிரிழை விலகி நின்றுவிடும். பறவை தலைக்கு மேல் வரும்போது விசையை இழுத்தால் ‘கிளிக்’ என்ற ஒலி மட்டுமே மிஞ்சும். இந்த மூன்றாம் தலைமுறையில் போல்ட் தலையைத் தானே சரியான இடத்தில் அமர்த்தும் அமைப்பைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது பழைய மாதிரிகளை மலிவாக வாங்க நினைப்போர் கவனிக்க வேண்டிய செய்தி.

உதைப்பில் ஏ400 தெளிவாக முந்துகிறது. வாயு முறை உதைப்பைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்புகிறது. கூடுதல் எடை கொஞ்சம் விழுங்குகிறது. அடிக்கட்டையிலுள்ள ஹைட்ராலிக் தாங்கி மீதியைத் தணிக்கிறது. பெனெல்லியின் கட்டையிலும் அதிர்வு குறைக்கும் பட்டைகள் உண்டென்றாலும், 3.5 அங்குலத் தோட்டாவைச் சுட்டால் தோள் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

அந்த 3.5 அங்குலம் தேவைதானா என்பது வேறு கேள்வி. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகள் 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடைசெய்யப்பட்டன. பதிலுக்கு வந்த எஃகு ஈயத்தைவிட இலேசானது, வேகத்தை விரைவில் இழப்பது என்பதால் பெரிய குண்டுகளை அதிகமாக அடைக்க நீளத் தோட்டா வேண்டியிருந்தது. முதல் சூப்பர் பிளாக் ஈகிள் அதே ஆண்டில் வந்து புகழ்பெற்றதில் வியப்பில்லை. இன்று எஃகைவிடக் கனமான பிஸ்மத், டங்ஸ்டன் குண்டுகள் கிடைக்கின்றன; எஃகுத் தோட்டாக்களும் மேம்பட்டுவிட்டன. பெரிய கனடா வாத்துகளையே குறிவைப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு 3 அங்குலமே தாராளம் என்பது என் கருத்து.

அதை ஒப்புக்கொண்டால் பட்டியலே மாறிவிடுகிறது. டென்னசியிலுள்ள கேலட்டினில் பெரெட்டா தயாரிக்கும் ஏ300 அல்டிமா, 3 அங்குலம் வரை மட்டும் ஏற்கும் வாயுத் துப்பாக்கி. விலை ஏறத்தாழ பாதி. ஆர்கன்சாவின் வெள்ளக்காடுகளில் பருவத்துக்குச் சில வார இறுதிகள் மட்டும் மல்லார்ட் வாத்து சுடுகிறவர் இதை வாங்கி, மிச்சத்தைத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் செலவிடுவதே புத்திசாலித்தனம். உப்புநீரிலும் சேற்றிலும் பருவம் முழுதும் துப்பாக்கியை வதைத்துவிட்டு மாலையில் துடைக்க நேரமில்லாதவருக்கு சூப்பர் பிளாக் ஈகிள் கொடுத்த காசுக்கு உழைக்கும். தெற்கு டகோட்டாவின் சோளக் காடுகளில் ஃபெசன்ட் பறவைகளை எழுப்பியபடி மைல்கணக்கில் நடப்பவருக்கு இம்மூன்றுமே பாரம். அவர் பெனெல்லி எம்2-வின் 20 கேஜ் வடிவத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு.