பச்சை நோட்டும் ஒரு எக்செல் கோப்பும்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

சேலத்தில் ஒரு சின்ன உதவி அமைப்பில் கேஸ் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குடும்ப வன்முறை, எச்ஐவி, குடியால் நொடிந்த வீடு என்று பலரும் வருவார்கள். பாதிப் பேர் கொலுசுப் பட்டறை, தறி என்று நகரத்தில் பிழைப்பவர்கள், மீதிப் பேர் ஏற்காட்டு மலைக் கிராமத்தினர். வருகிறவர்களின் அடையாளம் வெளியே போகாமலிருக்க 2019-ல் ஒரு ஏற்பாடு செய்தோம். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் எதுவும் இல்லை. ஒரு பச்சை நோட்டு, ஒரு எக்செல் கோப்பு, ஒரு பீரோ, அவ்வளவுதான்.

பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் நோட்டில் மட்டும், நேராக ஒரு எண். எக்செலில் அந்த எண்ணும் கேஸ் விவரமும் மட்டும். முதலில் பெயரின் முதல் எழுத்து, ஊரின் முதல் எழுத்து, வருடம் என்று குறியீடு வைத்தோம். எங்கள் களப் பணியாளரே பார்த்ததும் ஆளைச் சொல்லிவிட்டார். அப்புறம் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் எண் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம். இன்றுவரை அதில் குறையில்லை.

ஒருமுறை ஒரு தன்னார்வலர் பெயர்ப் பத்தியை எக்செலில் மறைத்துவிட்டு மெயில் அனுப்பப் பார்த்தார். மறைத்த பத்தியை யார் வேண்டுமானாலும் இரண்டு சொடுக்கில் திரும்ப வரவழைக்கலாம். ஷீட்டுக்குப் போடும் பூட்டும் பெரிய காவல் இல்லை. கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் கேட்கும்படி வைப்பதுதான் உதவும்.

ஆனால் எனக்குப் பாடம் எடுத்தவர் வாடகை ஜீப் டிரைவர். ஆண்டறிக்கையில் ஒரு கேஸைப் பற்றி எழுதியிருந்தோம்: 34 வயது, கணவரை இழந்தவர், காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர். பெயரும் இல்லை, ஊரும் இல்லை. வண்டியில் கிடந்த அறிக்கையைப் புரட்டிவிட்டு, "ஏங்க, இது நம்ம கணக்கக்கா கதைதானுங்களே?" என்றார். அந்த மலையில் தோட்டக் கணக்கு எழுதும் பெண்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்! பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 2000-ல் எழுதினார். எங்கள் ஊருக்கு மூன்றெல்லாம் தேவையில்லை, ஒன்றே போதும்.

அன்று முதல் வெளியே போகும் எதிலும் வயது '30 முதல் 39' என்றுதான் போகும். ஊருக்குப் பதில் வட்டம், தொழிலுக்குப் பதில் கூலி அல்லது சம்பளம். அட்டவணையில் ஐந்துக்குக் கீழே உள்ள எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. அதை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. இப்போது இரண்டு வரிசைகளைச் சேர்த்தே போடுகிறோம்.

குறைகளும் உண்டு. யாராவது போன் செய்தால் எண்ணைத் தேட பீரோ வரை ஓட வேண்டும். சாவி வைத்திருந்தவர் பண்டிகைக்கு ஓமலூர் போன அன்று ஒரு நாள் வேலையே நின்றது. ஒரே பெண் இரண்டு எண்ணில் பதிவான கூத்தும் நடந்தது. பயனாளிகளின் ஆதார் நகலும் போட்டோவும் கேட்ட ஒரு நிதியாளரிடம், "ஆபீஸுக்கு வந்து நோட்டைப் பாருங்கள், நகல் தர மாட்டோம்" என்றோம். அடுத்த வருடம் அந்தப் பணம் வரவில்லை.

"யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று மொட்டையாக வாக்குக் கொடுப்பதையும் விட்டுவிட்டோம். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு. அதை அவர்கள் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுகிறோம். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள், அது வருத்தம்தான்.

நோட்டையும் கோப்பையும் இத்தனை பூட்டி வைத்த நாங்கள், அமைப்பின் பெயர் ஒட்டிய ஜீப்பை மலையில் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தோம். போன வருடம்தான் ஸ்டிக்கரைக் கிழித்தோம். ஜீப்பும் இப்போது இல்லை, பஸ்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகள். எனக்குப் பாதி வழியிலேயே தலை சுற்ற ஆரம்பித்துவிடும்.