முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கச் சொல்லிக்கொடுத்த இடம்

திருப்பூர் பி.என். ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிற சின்ன பிசியோதெரபி சென்டரைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பெயர் போடவில்லை. ஒரே ஆள் பார்க்கிற இடம். “எழுதறதுன்னா எழுதுங்க அக்கா, பேரு மட்டும் வேண்டாம், இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியலைங்க” என்று அந்த மேடமே சொல்லிவிட்டார். பெயரில்லாமல் எதற்கு எழுதுகிறேன் என்றால், ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கிற முன்பக்க லிகமென்ட்) ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பிசியோ சென்டரில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: உள்ளே போனதும் உங்களைப் படுக்கச் சொல்கிறார்களா, நடந்து காட்டச் சொல்கிறார்களா?

நான் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கட்டிங்கிலிருந்து வந்த பண்டல் எங்கே நிற்கிறது, எந்த ஓவர்லாக் மிஷினுக்கு ஆள் வரவில்லை, செக்கிங்கில் எது திரும்பி வந்திருக்கிறது என்று காலை முதல் இரவு வரை மிஷின் வரிசைக்கு நடுவில் போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். மழை பெய்த ஒரு நாள் ஸ்கூட்டி சறுக்கியது. பாதம் ஊன்றிய இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்ப, முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். எம்ஆர்ஐயில் முன்பக்க லிகமென்ட் முழுசாக அறுந்திருந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன். தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதைப் புது லிகமென்டாகப் பொருத்தினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர் ஒருவர் சொன்ன வேறொரு சென்டருக்குத்தான் முதலில் போனேன். முட்டி வலிக்காரர்கள் வருகிற இடம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. கட்டிலில் படுக்க வைத்து, முட்டியைச் சுற்றி நாலு பேட் ஒட்டி, கரண்ட் வைத்துவிட்டு அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். மணி அடித்ததும் கழற்றி, ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட், அப்புறம் கொஞ்சம் முட்டியை மடக்கிப் பார்ப்பது, 350 ரூபாய். சுகமாகத்தான் இருந்தது, தூக்கமே வரும். ஆனால் நான் எப்படி நடக்கிறேன் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாடிப்படியில் கெந்திக் கெந்தி இறங்குவதைப் பார்த்து கீழே மளிகைக் கடைக்காரர்தான் “பாத்துப் போ அம்மிணி” என்பார்.

பி.என். ரோட்டு சென்டர் தரைத் தளம். நீளமான ஒரு அறை, தரையில் நேர்கோடாக ஒட்டிய மஞ்சள் டேப், கோடு முடிகிற இடத்தில் ஆளுயரக் கண்ணாடி. போன முதல் நாளே, “ஃபைல் அப்புறம் பாக்கலாங்க, அந்தக் கோட்டு மேல நடந்து வாங்க” என்றார். முன்னாலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை செல்போனில் படம் எடுத்தார். மெதுவாக ஓட்டிக் காட்டியபோது எனக்கே என் கால் புதிதாகத் தெரிந்தது. ஆபரேஷன் செய்த காலில் குதிகால் முதலில் தரையைத் தொடவே இல்லை. முட்டி மடங்கியபடியே பாதம் முழுசாகப் ‘பொத்’தென்று விழுகிறது. அந்தக் காலில் நிற்கும் நேரம் குறைவு, அவசரமாக நல்ல காலுக்குத் தாவிவிடுகிறேன். காலைத் தூக்கி முன்னே வைக்க முட்டியை மடக்காமல் இடுப்பையே தூக்குகிறேன். “கண்ணை மூடிட்டு உங்க நடையைக் கேளுங்க அக்கா” என்றார். மிஷின் தையல் தாண்டுகிற மாதிரி இருந்தது சத்தம்.

அதற்கு அவர் கொடுத்த விளக்கம்தான் இந்த விமர்சனத்தில் எனக்கு முக்கியம். நடக்கும்போது குதிகால் தரையில் படுகிற நேரத்தில் முட்டி கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். பட்ட உடனே 15, 20 டிகிரி மடங்கி உடம்பின் எடையை வாங்கிக்கொள்ளும். மறுபடி நிமிரும். கால் காற்றில் முன்னே வரும்போது 60 டிகிரி வரை மடங்கும், அப்போதுதான் விரல் தரையில் இடிக்காது. எடை வாங்குகிற அந்த இடத்தில் வேலை செய்வது தொடையின் முன்பக்கத் தசை. முட்டிக்குள் வீக்கம் இருக்கும்வரை அந்தத் தசைக்குப் போகிற ஆணையை நரம்பு மண்டலமே அடக்கி வைத்துவிடுமாம். நாம் சோம்பேறி என்பதால் இல்லை. தசை கேட்க மாட்டேன் என்கிறது. தசையை நம்ப முடியாததால் உடம்பு முட்டியை விறைப்பாக வைத்து நடக்கப் பழகிக்கொள்ளும். லிகமென்ட் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் தானாகப் போகாது. பிறகு முட்டிச் சில்லுக்கு முன்னால் வலி, இடுப்பு வலி என்று வரிசையாக வரும்.

அதனால் அவர் வைத்த வரிசை: முதலில் வீக்கம் வடியணும், அடுத்தது முட்டி முழுசாக நீளணும், மடக்குவது அதற்கு அப்புறம். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் “எவ்வளவு மடங்குது?” என்றே கேட்டார்கள். இவர் ஒருவர்தான் “எவ்வளவு நீளுது?” என்று கேட்டார். கோணம் அளக்கிற ஸ்கேலை வைத்து நல்ல காலையும் அளந்தார். என் நல்ல முட்டி நேர்கோட்டையும் தாண்டிக் கொஞ்சம் பின்னால் போகும். ஆபரேஷன் காலும் அங்கே வரைக்கும் வர வேண்டும் என்றார். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைக் காற்றில் தொங்கவிட்டு, அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை போலிருக்கும், ஐந்து நிமிடத்தில் பல்லைக் கடிக்க வைக்கும். டிவி பார்க்கும்போது, சாப்பிடும்போது என்று வீட்டில் பலமுறை செய்யச் சொன்னார். சௌகரியமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டார். அப்படிப் படுத்தால் முட்டி மடங்கியே இறுகிப்போகும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் முட்டி நீளவில்லை, முன்பக்கத்தில் ஏதோ இடிக்கிறது என்றால் உள்ளே வடுத் திசு வளர்ந்து அடைத்திருக்கலாம், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

கரண்ட் மிஷின் இங்கேயும் உண்டு. ஆனால் அதைத் தொடைத்தசை மேல் ஒட்டி, கரண்ட் வரும்போது நானும் சேர்ந்து தசையை இறுக்க வேண்டும். படுத்துத் தூங்க முடியாது. தூங்கிக்கொண்டிருக்கும் தசையை எழுப்பத்தான் இது என்றார். காலை நேராகத் தூக்கும்போது முட்டி தொய்யாமல் நிற்கும் வரை இது நடந்தது.

ஊன்றுகோல் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. ஒற்றைக் கோலுக்கு வந்ததும் அதை வலிக்கிற கால் பக்கம்தான் பிடிக்க வேண்டும் என்று மாமியார் உட்பட எல்லாரும் சொன்னார்கள். மேடம் எதிர்க் கையில் பிடிக்கச் சொன்னார். நாம் இயல்பாக நடக்கும்போது வலது காலோடு இடது கைதானே முன்னால் போகிறது? அப்படியே கோலும் போனால் உடம்பு சாயாது. கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டுக்கு நேராக இருக்க வேண்டும். நான் மெடிக்கலில் வாங்கிய கோல் இரண்டு ஓட்டை உயரமாக இருந்தது, தோள் வலிக்குக் காரணம் அதுதான். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கோலை எப்போது விடுவது என்று கேட்டதற்குத் தேதி எதுவும் சொல்லவில்லை. “நொண்டாம நடந்து காட்டுங்க, நானே வாங்கி வெச்சுக்கிறேன்” என்றார். மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்பு வட்டையும் சேர்த்துத் தைத்திருந்தால் எடை வைப்பதற்கும் மடக்குவதற்கும் தனிக் கணக்கு இருக்கும். எனக்கு அது தைக்கவில்லை. அப்படித் தைத்தவர்கள் இதை என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

நடைப் பயிற்சிதான் இந்த இடத்தின் பலம். காலி நூல் கோன்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் முட்டியை மடக்கித் தாண்டச் சொல்வார். திருப்பூரில் அதற்கா பஞ்சம்? செல்போனில் மெட்ரோனோம் ஆப்பைப் போட்டு, ஒரு டிக்குக்கு ஓர் அடி. வேகமாக நடப்பதைவிட இரண்டு காலும் சம நேரம் தரையில் இருப்பதுதான் கணக்கு. கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் நடப்பது வேறு உண்டு. பின்னால் நடந்தால் தொடை முன்தசை தப்பிக்கவே முடியாது. “ஏனுங்க அக்கா, குதிகால் எங்க போச்சு?” என்ற குரல் இப்போதும் கம்பெனியில் நடக்கும்போது எனக்குக் காதில் கேட்கிறது. ஒவ்வொரு வாரமும் புதிதாகப் படம் எடுத்துப் பழையதோடு பக்கத்தில் வைத்துக் காட்டுவார். வலி குறைந்ததா என்று கேட்டால் நாம் மழுப்பலாம். படத்தில் மழுப்ப முடியாது.

சின்னச் சின்னக் கேள்விகளுக்கும் பதில் இருந்தது. தழும்பிலிருந்து கீழே, வெளிப்பக்கமாக ஒரு உள்ளங்கை அளவு தோல் மரத்தே கிடந்தது. பயந்து போயிருந்தேன். தசைநார் எடுக்கிற இடத்தில் ஓடுகிற ஒரு சின்னத் தோல் நரம்பு பாதிக்கப்படுவது சகஜம், நடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பரப்பளவு மெல்லக் குறையும் என்றார். அதே சமயம் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்தாலோ தன்னிடம் வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மாமியார் வைத்துக்கொடுத்த ஆட்டுக்கால் சூப் லிகமென்டை வளர்க்குமா என்றேன். “குடிங்க, நல்லாருக்கும். முட்டையும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுங்க, தசை வளர அதுதான் வேணும்” என்று இரண்டு பக்கமும் கோபிக்காமல் முடித்துவிட்டார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு கபடிப் பையன் வருவான், காங்கேயம் பக்கம். ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம் ஊர் மேட்ச் வருகிறது, ஒரே ஒரு ரெய்டு மட்டும் போகட்டுமா என்று கெஞ்சினான். அவனைத் திட்டியதில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. உள்ளே வைத்த தசைநார் முதலில் பலமாக இருந்து, அப்புறம் பலவீனமாகி, புது ரத்த ஓட்டம் வந்த பிறகே மெல்ல லிகமென்டாக மாறுமாம். வலியும் வீக்கமும் போய் கால் நன்றாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிற மாதங்களில்தான் அது ரொம்பப் பலவீனம். விளையாட்டுக்கு ஒன்பது மாதமாவது ஆக வேண்டும். நார்வேயில் செய்து 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது, ஒற்றைக் காலில் தாண்டுவதிலும் தொடை பலத்திலும் நல்ல காலோடு சமமாக வர வேண்டும் என்று அவனுக்கு ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்தார். பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கப் போனான். சென்னிமலை 1320 படிக்கு நான் வேண்டுதல் வைத்திருப்பதைச் சொன்னபோது எனக்கும் அதே பார்வைதான். “ஏறுங்க, ஆறு மாசம் கழிச்சு. இறங்க வண்டியில வாங்க” என்றார். இறங்கும்போதுதான் தொடை அதிகம் தாங்க வேண்டுமாம்.

குறைகள் உண்டு. பாத்ரூமில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான். முட்டி மடங்காதவர்கள் வருகிற இடத்தில் இதை என்ன சொல்ல? நான் கேட்டேன், பில்டிங் ஓனரிடம் பேசுவதாகச் சொல்கிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். ஒரே ஆள் என்பதால் மாலையில் போனால் முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், உட்கார்ந்து காத்திருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகள் தாழ்வானவை, எழுந்திருப்பதே ஒரு பயிற்சி. ரசீது கையால் எழுதிக் கொடுப்பார். கம்பெனி இன்சூரன்ஸில் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அவர் கொஞ்சம் கறார். வீட்டில் செய்யாமல் வந்தால் அன்றைக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர மாட்டார், பழையதையே செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு அது பிடித்தது. என்னோடு வந்த பெரியம்மா ஒருவருக்குப் பிடிக்காமல், கரண்ட் வைக்கிற இடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

இப்போது நான் முழு ஷிப்டும் நடக்கிறேன். ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் இரவில் முட்டி கனக்கும், ஐஸ் வைப்பேன். மறுநாள் காலையிலும் வீக்கம் இருந்தால் அன்றைக்கு நடையைக் குறைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. தரையில் சம்மணம் போடுவது இன்னும் வரவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னால் அதிகம், அதுவும் அக்கம்பக்கம் மட்டும். தளர்வான பேன்ட் அல்லது ஷார்ட்ஸ் எடுத்துப் போங்கள், சேலையில் முட்டி படத்தில் விழாது. மதியம் 1 மணிக்குப் பூட்டினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். சம்பள நாள், அந்த ரோட்டில் ஆட்டோவே நகராது.